பதினோரு குடும்பம், ஒரு ஜமுக்காளம்

டீக்கடை ஆரம்பிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவீர்கள். பாய்லர், நல்ல பால், நாலு பெஞ்சு, எதிரே ஒரு பஸ் ஸ்டாப். சரி, ஒரு சர்ச் ஆரம்பிக்க என்ன வேண்டும்? பாதிரியார், மணிக்கூண்டு, நீளமான பெஞ்சு என்று அடுக்குவீர்கள். மூன்றும் இல்லாமல் ஆரம்பித்த சர்ச்சுகள்தான் நாட்டில் அதிகம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்னால் வருகிற ஊர் குருபரப்பள்ளி. சென்னையிலிருந்து பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் போயிருந்தால் தூங்கிக்கொண்டே நீங்களும் அதைத் தாண்டியிருப்பீர்கள். ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் மாதிரி பெரிய தொழிற்சாலை. நடுவில் வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டிய வீடுகள், தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி.

இந்த மாவட்டத்துக்குத் தொழிற்சாலை புதிதில்லை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூர்ப் பக்கம்தான். அவர் காலத்தில் அது சேலம் ஜில்லாவின் மூலை. 1970-களில் சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் ஓசூரிலிருந்து உருண்டு வந்தது. லேலண்ட் வந்தது, டைட்டன் வந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம், 2019-ல் ஓசூர் மாநகராட்சி. அந்த வேகம் நெடுஞ்சாலை வழியாகவே இந்தப் பக்கமும் நகர்ந்துவிட்டது.

தொழிற்சாலை வந்தால் ஆள் வருவார்கள். ஆள் வந்தால் அவர்களோடு அவரவர் சாமியும் வருவார். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மணி அடித்தால் எழுந்து பழகியவனுக்கு, இங்கே சங்கு ஊதினால் எழுகிற வாழ்க்கை. மூன்று மாதம் பொறுப்பான். நாலாவது மாதம், அதே போல முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தனைத் தேடுவான்.

அப்படித் தேடிச் சேர்ந்த பதினோரு குடும்பங்களை இந்தப் பக்கத்தில் பார்த்தேன். ஒரு வாடகை வீட்டின் முன்அறை, ஒரு ஜமுக்காளம், ஒரு டேப். என்னைக் கூப்பிட்டவர் திருநெல்வேலிப் பக்கத்து ஐ.டி.ஐ. இளைஞர். "சார், நீங்க பி.காம். படிச்சவருன்னு சொன்னாங்க. டிரஸ்டா, சொசைட்டியா, எதுல பதியறது நல்லது?" கடவுளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. கணக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதுவும் நல்லதுக்குத்தான்.

பதினோரு குடும்பம் என்றால் ஒரே சபை என்று நினைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிக்காரர் சி.எஸ்.ஐ. அவருக்குப் போதகர் என்றால் 'ஐயர்'. இன்னொரு குடும்பம் லுத்தரன். மூன்று குடும்பம் பெந்தெகொஸ்தே, அவர்களுக்கு 'பாஸ்டர்'. ஜார்க்கண்டிலிருந்து வந்த இரண்டு பையன்கள். 1845-ல் ராஞ்சிக்கு வந்த ஜெர்மன் காஸ்னர் மிஷனின் வாரிசுகள். இவர்கள் பாட்டுக்குத் தாளம் போடுவார்கள், பிரசங்கத்துக்குத் தலையாட்டுவார்கள், ஒரு வார்த்தை புரியாது. கத்தோலிக்கர் மட்டும் இந்தக் கூட்டத்தில் இல்லை. அங்கே வழி வேறு. யாரும் தானாக ஜமுக்காளம் விரிக்க முடியாது. பங்கு எங்கே வேண்டும் என்று ஆயர் முடிவு செய்வார். 1997-ல் சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரித்துத் தர்மபுரி மறைமாவட்டத்தை உண்டாக்கியதும் அப்படித்தான், ரோமாபுரி உத்தரவில்.

முதல் சிக்கல் நேரம். ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட். ராத்திரி வேலை முடித்துக் காலை ஆறு மணிக்கு வருகிறவனை எட்டு மணி ஆராதனைக்குக் கூப்பிட்டால் அவன் ஜமுக்காளத்தில் சாய்ந்துதான் ஜெபிப்பான். ஞாயிறு சாயங்காலம் என்று மாற்றினார்கள். அப்போதும் பி ஷிஃப்ட்காரர் வர முடியாது. வாரத்தில் இரண்டு வேளை வைத்துக்கொண்டார்கள். பரம்பரைச் சர்ச்சில் இதைச் செய்ய ஒரு கமிட்டியும் ஆறு மாதமும் ஆகியிருக்கும். இங்கே ஒரு டீயில் முடிந்தது.

அடுத்தது இடம். எல்லோருக்கும் ஒரே கனவு: இரண்டு சென்ட் வாங்கி ஒரு கட்டடம். நான் அவர்களுக்குச் சொன்ன பாளையங்கோட்டைக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

கிளாரிந்தா என்று ஒரு பெண்மணி. தஞ்சாவூர் மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தவர். மிஷனரி ஷ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவருக்குத் தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். ஒருமுறை கதவைச் சாத்திய இடத்துக்கு நீங்களாக இருந்தால் திரும்பப் போவீர்களா? அந்த அம்மாள் போனார். போனதோடு நிற்கவில்லை, ஆள் சேர்த்தார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள். திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் கணக்கு அங்கே ஆரம்பிக்கிறது. கோயில் கட்டி முடித்தது 1785-ல். அங்கே ஊழியம் செய்த சத்தியநாதனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1790-ல். பிற்காலத்தில் அ.மாதவையா இவரை வைத்து 1915-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆள், அடுத்து நோட்டு, ஐந்து வருஷம் கழித்துக் கட்டடம், பத்து வருஷம் கழித்துப் பட்டம் பெற்ற போதகர். இன்றைக்குப் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஃப்ளெக்ஸ் போர்டு, அதில் போதகரும் அவர் மனைவியும் கைகூப்பியபடி. அப்புறம் கட்டடத்துக்குக் கடன். அப்புறம் அந்தக் கடனை அடைக்க ஆள் தேடுவது. எங்கள் பாஷையில் சொன்னால், வாடிக்கையாளர் இல்லாமல் ஸ்திர சொத்தில் முதலைக் கொண்டுபோய் முடக்குவது. வியாபாரத்திலேயே அது ஆகாது.

கட்டடம் என்றால் அனுமதியும் வேண்டும். 1997-ம் வருஷத்து ஊராட்சிக் கட்டட விதிகளிலேயே வழிபாட்டுக் கட்டடத்துக்குக் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்று இருந்தது. பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். நிலத்தைக் கிரயம் பண்ணிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் கதைகள் உண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ் படி ஏறுவது உத்தமம்.

அனுமதி காகிதத்தில் கிடைத்துவிடும். அக்கம்பக்கம் காகிதத்தில் கிடைக்காது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் மெஜஸ்டிக் காலனி. அங்கே சர்ச் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடம். டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி. காலனிவாசிகள் நலச் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. சாலையில் போகிற வண்டிகளின் இரைச்சல்தான் பெரிசு என்று சபை தரப்பு வாதாடியது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அடுத்தவர் நிம்மதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பதுதான் சாரம். இந்தத் தீர்ப்பு கோயில் கொடைக்கும், மசூதி ஒலிபெருக்கிக்கும், கட்சிக் கூட்டத்துக்கும் பொருந்தும் என்பது வேறு விஷயம். அவர்கள் பயன்படுத்துகிற டெசிபல் உங்களுக்கே தெரியும். ஆனால் புதிதாக வந்தவனுடைய சத்தம்தான் முதலில் காதில் விழும். குருபரப்பள்ளியில் மாடி வீட்டில் கைக்குழந்தை இருந்தது. டேப் தட்டுகிற அண்ணன் தாமாகவே அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு விரலால் தட்டினார். மாடி வீட்டு அம்மா தெலுங்குக்காரர். ஒருநாள் இறங்கி வந்து, "ஏமன்னா, இன்னைக்குப் பாட்டே கேக்கலையே?" என்றாராம்.

மொழியும் சாதாரண விஷயமில்லை. இது எல்லைப்பகுதி. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் ஒரே சந்தையில் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசும். போதாக்குறைக்கு ஜார்க்கண்ட் இந்தி. எதில் ஆராதனை? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, மறு வருஷமே புதிய எருசலேம் கோயிலைக் கட்டினார். அந்தச் சின்னக் கோயிலில் தமிழிலும் ஆராதனை, போர்ச்சுகீசிலும் ஆராதனை. ஏன் போர்ச்சுகீஸ்? கடற்கரை வியாபாரத்தில், வீட்டு வேலையில், கலப்புக் குடும்பங்களில் அன்றைக்கு அதுதான் புழக்கத்தில் இருந்த பாஷை. ஒரு டேனிஷ் ஊரில், ஒரு ஜெர்மன்காரர், தன் பாஷை இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, வருகிறவன் எதில் பேசுகிறானோ அதில் ஆரம்பித்தார். குருபரப்பள்ளிக்காரர்கள் பிரசங்கத்தைத் தமிழில் வைத்துக்கொண்டு, வேதவாசகத்தை மட்டும் ஒரு ராஞ்சிப் பையனை இந்தியில் வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் எண்ணெய் தேய்த்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் சமாளித்துவிடலாம். இனி சொல்லப்போவதுதான் கஷ்டம்.

ஜமுக்காளத்தில் யார் எங்கே உட்காருவது?

நீங்கள் ஆச்சரியப்பட்டால், நம் சரித்திரம் தெரியாது என்று அர்த்தம். தரங்கம்பாடியின் ஆரம்ப காலத்திலேயே கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். மிஷனரிகள் பலர் கண்டும் காணாமல் இருந்தார்கள். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கொந்தளிப்பு. பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கீர்த்தனைகளுக்குப் பேர்போன வேதநாயக சாஸ்திரியாரே வில்சனை எதிர்த்த பக்கத்தில் நின்றார்.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் கதை இன்னும் மோசம். அது கத்தோலிக்கக் கோயில். 1872-ல் எழுப்பிய கட்டடத்தைக் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, கால் இரண்டு. ஒரு சாதிக்கு ஒரு கால், நடுவில் சுவர். 1910-ல் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தது தப்பு, எங்கள் இடம் எங்களுக்கு வேண்டும் என்று வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கோயிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமையில்லை என்று முடிந்தது. ஏசுவின் பீடத்துக்கு முன்னால் கட்டிய சுவரை இடிக்க முப்பத்தெட்டு வருஷம். இடித்தது சரி என்று சொல்ல இன்னும் சில வருஷம்.

புது ஊரில், புது சபையில் இதெல்லாம் இருக்காது என்று அந்த இளைஞர் நம்பினார். அவருடைய நம்பிக்கை பாதி சரி. இங்கே யாருக்கும் யாருடைய தெருவும் தெரியாது. கம்பெனி யூனிஃபார்மில் எல்லோரும் ஒரே நிறம். ஆனால் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். "ஊர்ல எந்தத் தெரு?", "உங்க சபை எது?", "சொந்தக்காரங்க யாரு அங்கே?" மூன்றே கேள்வி. நாலாவது கேள்வி தேவைப்படாது. தென்மாவட்டச் சபைகளில் சபையின் பெயரே பல சமயம் சாதியைச் சொல்லிவிடும்.

ஜெபம் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது. முடிந்ததும் அந்த வீட்டில் டீயும் சுண்டலும். ஒரு குறிப்பிட்ட வீட்டின் முறை வந்தபோது மட்டும் மூன்று குடும்பத்துக்குத் திடீரென்று ஓவர்டைம் வந்துவிட்டது. அடுத்த சுற்றிலும் அதே வீடு, அதே மூன்று குடும்பம், அதே ஓவர்டைம். கம்பெனியில் அன்றைக்கு ஓவர்டைமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பதினோரு குடும்பத்துக்குச் செய்த சுண்டலை எட்டுக் குடும்பத்துக்குப் பரிமாறிவிட்டு, மீதியை டப்பாவில் போட்டு அந்த மூன்று வீட்டுக்கும் மகனிடம் கொடுத்து அனுப்பினார். சிரித்த முகமாகத்தான் அனுப்பினார். அந்த டப்பாக்கள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு அக்கா வழி சொன்னார். முறை வைக்க வேண்டாம். ஞாயிறு ஜெபம் முடிகிறபோது சீட்டு குலுக்கிப் போட்டு அடுத்த வீட்டை எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அங்கே. டீ வேண்டாம் என்கிறவர்கள் அங்கேயே வாய்விட்டுச் சொல்லட்டும். யாரும் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு குடும்பம் வந்தது. ஒன்று சபையை விட்டுப் போய்விட்டது. நல்ல வரி கட்டுகிற குடும்பம், காணிக்கையும் தாராளம். இருந்தும் யாரும் போய்க் கூப்பிடவில்லை. என்னைக் கேட்டால், அந்தச் சபை ஆரம்பித்த தேதி அதுதான். ஜமுக்காளம் விரித்த தேதி இல்லை.

இனி என் துறைக்கு வருகிறேன். பணம்.

திருச்சியில் பிறந்த டாக்டர் புல்னி ஆண்டி என்பவரை உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1860-லேயே பிரிட்டனில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 1863-ல் கோழிக்கோட்டில் ஞானஸ்நானம் பெற்றார். எந்தச் சபையிலும் சேரவில்லை. இங்கிலாந்துக்காரனுக்கும் ஜெர்மன்காரனுக்கும் உள்ள சண்டையில் நாம் ஏன் ஆளுக்கொரு பக்கம் நிற்க வேண்டும் என்பது அவர் கேள்வி. 1886 செப்டம்பரில் சென்னையில் 'தேசிய சபை' என்று ஆரம்பித்தார். வெளிநாட்டு மிஷன் காசு வேண்டாம், வெளிநாட்டுப் பிரிவும் வேண்டாம். அருமையான எண்ணம்தான், இல்லையா? ஆனாலும் வேர் பிடிக்கவில்லை. அன்றைய படித்த கிறிஸ்தவர்கள் பலருக்கு மிஷன் பள்ளியிலோ சபையிலோதான் சம்பளம். டாக்டர் பின்னால் போனால் ஒன்றாம் தேதி கவர் வராது. மனசு இங்கே, மளிகைக் கடன் அங்கே. 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடீரியன் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, அவர் கேட்டதில் பாதி நடந்தது. அவர் அதைப் பார்க்க இல்லை.

எதிர்க் கணக்கும் உண்டு. 1973-ல் சென்னையில் ஏழு பேரோடு பாஸ்டர் டி.மோகன் ஆரம்பித்த நியூ லைஃப் அசெம்பிளி ஆஃப் காட் சபைக்கு இன்று வருகிறவர்கள் பல ஆயிரம் பேர். ஏழு பேர் என்பது பதினோரு குடும்பத்தைவிடக் குறைவு. இதைச் சொன்னதும் குருபரப்பள்ளியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஊக்கப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அப்படி வளர்ந்தால் பணம் வரும், அதற்கு முன்னாலேயே சாவி யாரிடம் என்று முடிவு செய்யுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

டிரஸ்டா, சொசைட்டியா? டிரஸ்ட் சுலபம். ஒருவர் எழுதி வைத்து, கூட ஒருவரைப் போட்டுக்கொண்டால் போதும். சிக்கலும் அதில்தான். போதகர், மனைவி, மைத்துனர் என்று மூன்று பேர் டிரஸ்டி ஆகிவிட்டால், இருநூறு பேர் கொடுத்த காணிக்கை ஒரு வீட்டுச் சொத்து மாதிரி கைமாறும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் என்றால் குறைந்தது ஏழு பேர் வேண்டும், பொதுக்குழு கூட வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் கொடுக்க வேண்டும். தொல்லை பிடித்த வேலை. அந்தத் தொல்லைதான் பாதுகாப்பு. நிலம் வாங்கினால் எந்தக் காரணத்துக்காகவும் தனி ஆள் பெயரில் வாங்காதீர்கள், அவர் எவ்வளவு பெரிய பரிசுத்தவானாக இருந்தாலும். பரிசுத்தவானுக்கும் வாரிசு உண்டு, வாரிசுக்கும் வக்கீல் உண்டு. காணிக்கையை அன்றைக்கே, அங்கேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "நம்பிக்கை இல்லையா சார்?" என்று ஒருவர் கேட்டார். நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் நோட்டு வேண்டும். இல்லாத இடத்தில் யாரும் பணமே போட மாட்டார்களே!

கடைசியில் உறுப்பினர் பதிவேடு. சொசைட்டி என்றால் பெயர்ப் பட்டியல் கட்டாயம். நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்ததும் நாலு பேர் தயங்கினார்கள். காரணம் கேட்க வேண்டியதில்லை. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, இந்து மதத்தில் இருப்பவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-ல் சீக்கியரும், 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் ஆனால் அந்தச் சான்றிதழ் போயிற்று. தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலில் வைப்பார்கள். இதை ஆராய 2022-ல் நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு கமிஷன் போட்டது. ஆனால் 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பதை ஏற்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது. சுண்டல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அந்தப் பையனிடம் கேட்டால் வேறு சொல்வான்.

அந்த நாலு பேரில் ஒருவர் மகள் பிளஸ் டூ. கவுன்சலிங் அடுத்த வருஷம். கல்லூரிக் கட்டணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் நடுவில் அவர் நிற்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த இளைஞர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அண்ணே, நீங்க வாங்க. நோட்டு கெடக்கட்டும்" என்றார். ஏழு பேர் கையெழுத்தோடு பதிவுக்கு விண்ணப்பம் தயாராகிவிட்டது. பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்தச் சீட்டு குலுக்கச் சொன்ன அக்கா.